எலும்பு கூடியது, பார்வை கூடவில்லை: கிரெய்க் கீஸ்வெட்டரின் கண்குழி முறிவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூலை மாதம். இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் சாமர்செட் அணி நார்தாம்ப்டன்ஷயர் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் டேவிட் வில்லி போட்ட பவுன்சர் ஒன்று, சாமர்செட்டின் விக்கெட் கீப்பர் பேட்ஸ்மேன் கிரெய்க் கீஸ்வெட்டரின் ஹெல்மெட்டில் மேல் விளிம்புக்கும் கம்பி வலைக்கும் இடையே இருந்த இடைவெளியில் புகுந்து முகத்தில் அடித்தது. மூக்கு உடைந்தது. கண்குழி எலும்பும் உடைந்தது.

அப்போது அவருக்கு வயது 26. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2010 மே மாதம் பார்படோஸில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 63 ரன் எடுத்து ஆட்ட நாயகன் விருது வாங்கியவர். அடிபட்ட அதே பருவத்தின் கடைசியில் மறுபடி களமிறங்கினார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் வாரியர்ஸ் அணிக்காக இருபது ஓவர் ஆட்டங்களும் ஆடினார். ஆனால் பார்வையில் தொந்தரவு இருந்துகொண்டே இருந்தது. 2015 பருவத்தில் ஆடப் போவதில்லை என்று முதலில் ஒதுங்கினார். அந்த ஜூன் மாதமே 27 வயதில் ஓய்வை அறிவித்தார். அடிபடுவதற்கு முன்பிருந்த ஆட்டக்காரராகத் தன்னால் இனி ஆக முடியும் என்று தோன்றவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

முகத்தில் உடைந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். எக்ஸ்ரேயில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அப்படியிருக்க, தொழில்முறை விளையாட்டு வீரர் ஒருவர் ஏன் ஆட்டத்தையே விட வேண்டி வருகிறது? கண்குழி முறிவை 'முக எலும்பு உடைந்தது' என்ற கணக்கில் மட்டும் வைத்துப் பார்ப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். எலும்பு உடைந்தது தெரிந்த நிமிடத்திலிருந்து அதைக் கண் காயமாகவே பார்க்க வேண்டும். எலும்பு காத்திருக்கும், கண் காத்திருக்காது.

உடைவது எது, எப்படி

கண்குழி என்பது ஏழு எலும்புகள் சேர்ந்து அமைத்த கூம்பு. வாய்ப்பக்கம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் அகலம், அதைவிடச் சற்றுக் குறைந்த உயரம். கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். அதில் விழிக்கோளம் பிடிக்கும் இடம் ஏழு மில்லிலிட்டர் மட்டுமே. மிச்சமெல்லாம் கொழுப்பு, கண்ணை அசைக்கும் தசைகள், நரம்புகள், ரத்தக்குழாய்கள். விளிம்பு எலும்பு கனமானது. புருவத்துக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாலே அதன் உறுதி தெரியும். உள்ளே போகப்போகக் கதை வேறு. கீழ்த்தளம் பல இடங்களில் அரை மில்லிமீட்டர்தான். மூக்குப் பக்கச் சுவர் அதைவிட மெல்லியது; வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும். கீழ்த்தளத்துக்கு அடியில் இருப்பது கன்னத்துச் சைனஸ், பக்கச் சுவருக்கு அப்பால் மூக்கைச் சேர்ந்த சைனஸ். இரண்டும் காற்று நிறைந்த வெற்றறைகள். சுவர் உடைந்தால் உள்ளே இருப்பது இந்த அறைகளுக்குள்தான் சரியும்.

1957இல் அமெரிக்கக் கண் மருத்துவர்களான ஸ்மித், ரீகன் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இறந்தவர் உடலில் மூடிய இமைமேல் ஒரு ஹர்லிங் பந்தை (ஹர்லிங் என்பது அயர்லாந்தின் மட்டைப் பந்து விளையாட்டு) வைத்துச் சுத்தியலால் அடித்தபோது, விளிம்பு உடையாமல் கீழ்த்தளம் மட்டும் கீழே வெடித்துத் திறந்துகொண்டது. விழி பின்னால் தள்ளப்படும்போது குழிக்குள் அழுத்தம் ஏறி, மெலிந்த சுவரை உடைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். விளிம்பில் விழும் அடி எலும்பு வழியாகவே பரவித் தளத்தை மடக்கி உடைக்கும் என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள இன்னொரு விளக்கம். நடைமுறையில் இரண்டும் கலந்தே நடக்கின்றன.

பந்தின் அளவு இங்கே முக்கியம். கிரிக்கெட் பந்தின் விட்டம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குழியின் வாயைவிடப் பெரியது என்பதால் அடியின் பெரும்பகுதியை விளிம்பு, கன்ன எலும்பு, மூக்கு மூன்றும் வாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்து நான்கு சென்டிமீட்டர், இறகுப்பந்தின் தக்கை மூன்று சென்டிமீட்டர்கூடக் கிடையாது. அவை நேராகக் குழிக்குள்ளேயே புகுந்து விழியில் மோதும். எலும்பு உடையாமலே கண் சிதையலாம். அதனால் 'எலும்பு உடையலை, தப்பிச்சோம்' என்று வீட்டுக்குப் போவது சரியல்ல. மாறாக, தளம் உடைந்த சிலரில் அந்த உடைவே அழுத்தத்தை வெளியேற்றி விழிக்கோளம் கிழியாமல் காப்பாற்றியிருக்கும்.

முதல் மணி நேரம்

கீஸ்வெட்டரைப் போல மூக்கும் கண்குழியும் சேர்ந்து உடைந்து வருபவருக்குச் சில நிமிடங்களில் இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். வீக்கம் முற்றிய பிறகு கண்ணைப் பார்ப்பது மிகவும் கடினம். ஆகவே எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார்களோ அவ்வளவு நல்லது. முதலில் உயிர் ஆபத்து, தலைக்காயம், கழுத்துக்காயம். அவை இல்லை என்றானதும் அடுத்த கேள்வி சி.டி. ஸ்கேன் அல்ல, 'என் கையில் எத்தனை விரல் தெரிகிறது?' என்பதுதான். ஒவ்வொரு கண்ணாகப் பார்வையைச் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். பிறகு டார்ச் வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். அடிபட்ட கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது கண்மணி சுருங்காமல் விரிந்தால் பார்வை நரம்போ விழித்திரையோ பெரிதாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, அரை நிமிட வேலை. அது தவறிப்போனால் பின்னால் எடுக்கும் எந்த ஸ்கேனும் அதற்கு ஈடாகாது.

விழிக்கோளம் கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கண்ணை அழுத்தக் கூடாது, மருந்து விடக் கூடாது. கண்ணைத் தொடாதபடி மேலே ஒரு கடினமான மூடி வைத்துக் கண் அறுவை வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஈரத்துணி, ஐஸ் என்று கண்ணின்மேல் அழுத்திப் பிடிப்பது நம் மைதானங்களில் சாதாரணமாக நடக்கிறது. கிழிந்த விழியிலிருந்து உள்ளிருப்பவை வெளியே பிதுங்க அந்த அழுத்தமே போதும்.

இன்னொன்று மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் ஓடுவது: விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது. கண் முன்னால் துருத்தி, கல்லாக இறுகி, வலி ஏறி, பார்வை மங்கிக்கொண்டே போகும். குழிக்குள் ஏறும் அழுத்தம் பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் போகும் ரத்தத்தை நிறுத்திவிடும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் மீட்க முடியாது. இதைச் சந்தேகித்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல், கண்ணின் வெளி ஓரத்தில் இமையைப் பிடித்திருக்கும் தசைநாரை வெட்டி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி, ஒரு இடுக்கி, ஒரு கத்தரிக்கோல் இருந்தால் அவசரப் பிரிவிலேயே செய்யலாம். கண் மருத்துவர் வரும்வரை காத்திருந்து பார்வை போவதைவிட, இதைக் கற்றுக்கொண்ட பொது மருத்துவர் செய்வதே மேல். ஒவ்வொரு அவசரப் பிரிவு மருத்துவருக்கும் இது கையில் பழகியிருக்க வேண்டும் என்பேன்.

மூக்கை மட்டும் சிந்தக் கூடாது. உடைந்த சுவர் வழியாகக் காற்று கண்குழிக்குள் ஏறி இமை திடீரென்று உப்பிவிடும். தொட்டால் நறநறவென்று இருக்கும்.

இரட்டைப் பார்வை: பேட்ஸ்மேனுக்கு எது போனது

கீழ்த்தளம் உடைந்தவர்கள் அதிகம் சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று கன்னம், மேலுதடு, மேல் பற்கள் மரத்துப்போவது. அங்கே உணர்வு கொடுக்கும் நரம்பு அந்தத் தளத்துக்குள்தான் ஓடுகிறது. பெரும்பாலும் மாதங்களில் தேறும். இரண்டாவது இரட்டைப் பார்வை, குறிப்பாக மேலே பார்க்கும்போது. கண்ணைக் கீழே இழுக்கும் தசையோ அதைச் சுற்றிய கொழுப்பும் சவ்வுமோ உடைவில் மாட்டிக்கொண்டால் அந்தக் கண் மேலே ஏறாது. நல்ல கண் ஏறும். இரண்டு பிம்பம்.

ஆனால் இரட்டைப் பார்வை என்றாலே தசை மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. தசை கன்றிப்போய் வீங்கியிருக்கலாம், தசைக்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம், குழிக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். கன்றியது என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகும். மாட்டிக்கொண்டது என்றால் ஆகாது. பிரித்தறிய, கண்ணை மரக்கச் செய்து, வெண்படலத்தை மெல்லிய இடுக்கியால் பிடித்துக் கண்ணை மேலே சுழற்றிப் பார்ப்பார்கள். தடையின்றிச் சுழன்றால் மாட்டவில்லை. எங்கோ கட்டிப்போட்டதுபோல் இழுத்தால் மாட்டியிருக்கிறது.

சாதாரண வாழ்க்கையில் ஓரத்தில் மட்டும் தெரியும் இரட்டைப் பார்வையோடு ஒருவர் வாழப் பழகிவிடலாம். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். பேட்ஸ்மேனுக்கு அப்படி இல்லை. 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு வந்து மட்டையைத் தொட அரை நொடி அளவே ஆகிறது. அதற்குள் பந்தின் நீளத்தைக் கணிக்க வேண்டும், காலை நகர்த்த வேண்டும், மட்டையை இறக்க வேண்டும். தூரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணிப்பதில் இரண்டு கண்ணின் பிம்பங்களும் ஒன்றோடு ஒன்று துல்லியமாகப் பொருந்துவதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கண் இம்மியளவு விலகினாலும், ஒரு கண்ணில் மட்டும் லேசாகத் தெளிவு குறைந்தாலும், மருத்துவமனைப் பலகையில் கடைசி வரியை வாசித்துவிடுபவர்கூடப் பவுன்சரைத் தாமதமாகவே பார்ப்பார். 'பார்வை நார்மல்' என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கும் ஆடுகளத்தில் நிற்பவரின் அனுபவத்துக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியை விளையாட்டு மருத்துவம் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கீஸ்வெட்டர் அதன்பின் தீவிரமாக இறங்கிய விளையாட்டு கோல்ஃப். அங்கே பந்து அசையாமல் தரையில் இருக்கிறது.

குழந்தைகளில் ஏமாற்றும் வெள்ளைக் கண்

இந்த நிகழ்வு பெரியவர் ஒருவருடையது. ஆனால் கண்குழி முறிவைப் பற்றி எழுதிவிட்டுச் சிறுவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது அவர்களுடைய காயம்தான்.

பிள்ளைகளின் எலும்பு வளையும். அடிபட்டதும் தளம் எலிப்பொறிக் கதவுபோல் ஒரு கணம் கீழே திறந்து, தசையைக் கவ்விக்கொண்டு உடனே மூடிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கண் சிவக்காது, வீக்கம் பெரிதாக இருக்காது, சி.டி. ஸ்கேனில்கூட ஒரு கோடுதான் தெரியும். பையன் வாந்தி எடுப்பான், சோர்ந்து படுப்பான், நாடித்துடிப்பு குறையும். கவ்வப்பட்ட தசை இழுபடும்போதெல்லாம் அனிச்சையாக இதயத் துடிப்பு குறைவதால் வருவது இது. பார்ப்பவர்கள் தலையில் அடி என்று நினைத்து மூளைக்கு ஸ்கேன் எடுத்து, 'ஒன்றுமில்லை, ரெண்டு நாள் பாருங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு நாள்தான் போகக் கூடாத நாட்கள். ரத்தம் போகாமல் தசை செத்துத் தழும்பாகிவிட்டால் பிறகு எத்தனை அறுவை செய்தாலும் கண் முழுதாக அசையாது. இந்த வகையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தசையை விடுவிக்க வேண்டும்.

டென்னிஸ் பந்தோ முழங்கையோ கண்ணில் பட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், தலையை ஆட்டாமல் என் விரலைப் பார் என்று சொல்லி விரலை மேலே கீழே நகர்த்திப் பாருங்கள். ஒரு கண் மேலே ஏறாமல் நின்றாலோ, முயலும்போதே வலி, குமட்டல் வந்தாலோ அன்றே கண் மருத்துவமனை.

எப்போது அறுவை

பெரியவர்களில் பெரும்பாலும் அவசரம் கிடையாது. வீக்கம் வடியட்டும் என்று சில நாள் விட்டு, தேவைப்பட்டால் சுமார் இரண்டு வாரத்துக்குள் செய்வது வழக்கம். அதற்குமேல் தழும்பு கூடி வேலை கடினமாகும். தசை மாட்டிக்கொண்டு இரட்டைப் பார்வை விடாமல் இருப்பது, கீழ்த்தளத்தில் பாதிக்குமேல் உடைந்திருப்பது, கண் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருப்பது ஆகியவை அறுவைக்கான வழக்கமான காரணங்கள். கண் உள்வாங்குவதற்குக் காரணம் எளிது. குழியின் கொள்ளளவு கூடிவிட்டது, உள்ளே இருப்பது அதே அளவுதான். முதல் வாரத்தில் வீக்கம் இதை மறைத்துவிடும், சில நேரம் கண் முன்துருத்திக்கூடத் தெரியும். வடிந்தபின்தான் கண்ணாடியில் ஒரு கண் சிறுத்துத் தெரியும். கீழ் இமைக்கு உட்பக்கமாகவோ இமை விளிம்பை ஒட்டியோ வெட்டி, சரிந்ததை மேலே தூக்கி, டைட்டானியம் வலையோ நுண்துளை பாலிஎத்திலீன் தகடோ வைத்துத் தளத்தை மூடுவார்கள். அறுவைக்கும் விலை உண்டு. கீழ் இமை கீழே இழுபடலாம், இரட்டைப் பார்வை தொடரலாம், அரிதாகப் பார்வையே பாதிக்கப்படலாம். எல்லா முறிவுக்கும் தகடு வைத்தே ஆக வேண்டும் என்பது தவறு.

அறுவை நன்றாக முடிந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் கெல் புரூக் ஒரு சான்று. 2016 செப்டம்பரில் கென்னடி கோலோவ்கினுடன் மோதியபோது வலக் கண்குழி உடைந்தது. அவர் கண் நிலைமையைப் பார்த்துப் பயிற்சியாளர் ஐந்தாம் சுற்றில் துண்டை வீசி நிறுத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் எரல் ஸ்பென்ஸுடன் மோதியபோது இடக் கண்குழி உடைந்தது. இம்முறை அவரே ஒரு காலை மண்டியிட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். கண் போய்விடுமோ என்ற பயம் இருந்ததாகச் சொன்னார். விமர்சித்தவர்கள் இருந்தார்கள், அவர் செய்ததுதான் சரி. உடைந்த குழிக்குமேல் விழும் அடுத்த குத்தைத் தாங்க அங்கே சுவரே இல்லை. இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்து, 2022 பிப்ரவரியில் அமீர் கானை வென்றுவிட்டு, அதே ஆண்டு ஓய்வு பெற்றார்.

எலும்பைத் தாண்டி உள்ளே

புரூக் இருபுறமும் உடைந்தும் மீண்டார், கீஸ்வெட்டர் ஒருமுறை உடைந்து ஒதுங்கினார். இந்த வித்தியாசம் எலும்பைக் கொண்டு விளங்காது. விழிக்கும் அதை அசைக்கும் தசைகளுக்கும் நரம்புகளுக்கும் என்ன ஆனது என்பதைக் கொண்டே விளங்கும். இதைத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி கோனிக்லியாரோவின் கதை. 1967 ஆகஸ்ட் 18 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் ஜாக் ஹாமில்டன் எறிந்த பந்து அவர் இடக் கன்னத்தில் அடித்தது. 22 வயது. கன்ன எலும்பு உடைந்தது, தாடை நழுவியது, விழித்திரை காயப்பட்டது. எலும்பு கூடிவிட்டது. ஒன்றரைப் பருவம் கழித்துத் திரும்பி வந்து 1969இல் 20 ஹோம் ரன், 1970இல் 36 ஹோம் ரன் அடித்தார். எல்லோரும் மீண்டுவிட்டார் என்றே நம்பினார்கள். அடுத்த ஆண்டே பார்வை மறுபடி மோசமாகி விலகினார். 1975இல் இன்னொரு முறை முயன்று அதோடு நிறுத்திக்கொண்டார். கூர்மையான பார்வைக்குரிய விழித்திரையின் நடுப்பகுதியில் விழுந்த சேதத்தை எந்த எலும்பு மருத்துவரும் சரிசெய்ய முடியாது.

விழித்திரைக் கிழிசல், விழித்திரை வெண்மையாக வீங்குவது, கண்ணின் முன்னறையில் (கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்த இடத்தில்) ரத்தம் நிற்பது, லென்ஸ் நழுவுவது, கண்புரை ஆகியவை எல்லாம் முறிவோடு சேர்ந்து வரக்கூடியவை. அதனால் கண்மணியை விரியச் செய்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கும் பரிசோதனை ஒருமுறையாவது நடந்தே ஆக வேண்டும். கண் முன் மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கூடுவது, ஓரத்தில் திரை விழுவது இவற்றில் எது வந்தாலும் அடிபட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

பார்வை நரம்புக் காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1999இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதனால் தெளிவான பலன் இல்லை என்றது. தலைக்காயமும் சேர்ந்திருந்தால் அது உயிருக்கே தீங்கு என்று பின்னர் வந்த பெரிய ஆய்வு காட்டியது. இன்று யோசித்தே கொடுக்கிறார்கள்.

அந்த இடைவெளி

கீஸ்வெட்டர் அடிபட்ட அடுத்த மாதமே, மான்செஸ்டர் டெஸ்ட்டில் வருண் ஆரோன் போட்ட பவுன்சர் ஸ்டூவர்ட் பிராடின் ஹெல்மெட்டில் அதே இடைவெளியில் புகுந்து மூக்கை உடைத்தது. பழைய தரக் குறியீடு ஹெல்மெட் ஓடு அடியைத் தாங்குகிறதா என்பதைப் பார்த்தது, பந்து இடையில் புகுமா என்பதைப் பார்க்கவில்லை. நன்றாகத் தெரிய வேண்டும் என்று வலையைத் தளர்த்தி வைத்து ஆடுபவர்களும் இருந்தார்கள். பிஎஸ் 7928:2013 என்ற புதிய பிரிட்டிஷ் தரம்தான் பந்தை எறிந்து வலைக்கும் விளிம்புக்கும் இடையே புகுகிறதா என்று சோதிக்கிறது. 2016 முதல் இங்கிலாந்துத் தொழில்முறை ஆட்டத்திலும், 2017 முதல் சர்வதேச ஆட்டத்திலும், ஹெல்மெட் அணிபவர் இந்தத் தரத்துக்குரியதைத்தான் அணிய வேண்டும். பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கும்போது பிராண்டைவிட இந்த எண்ணைத் தேடுங்கள். வலையின் திருகாணியைத் தளர்த்த விடாதீர்கள்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது

கண்ணில் அடிபடும்போது, உள்ளே சுரக்கும் நீர் வடியும் மூலை கிழிந்திருக்கலாம். அப்போது எதுவும் தெரியாது. ஆண்டுகள் பல கழித்து, அடிபட்டதே மறந்துபோன பிறகு, அந்த ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறிக் குளுக்கோமா வரும். வலி இருக்காது, ஓரப் பார்வை மெல்லத் தேயும். முன்னறையில் ரத்தம் நின்றவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. மூலையை லென்ஸ் வைத்துப் பார்க்கும் சோதனையை, காயம் ஆறி ஒரு மாதம் போனபின் ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளலாம். முறிவுக்கான மருத்துவமனைச் சீட்டில் இது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அறுவை செய்தவர் முகத் தாடை மருத்துவர் என்றால் கண் மருத்துவரிடம் போகச் சொல்லி ஒரு வரி எழுதித் தரும்படி நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.